ஆறு தப்படிக்கு அப்புறம்தான் நடனம்

[திரையில்: காலியான மேடை. பாட்டு எதுவும் ஒலிக்கவில்லை.]

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். துதி நடனம் ஆடுகிறவர்களுக்காகவும், ஆட ஆசைப்படுகிறவர்களுக்காகவும் இந்த வீடியோ. ஸ்டெப் சொல்லித்தர நிறைய வீடியோக்கள் இருக்கின்றன. இங்கே பேசப்போவது, மேடை ஏறுவதற்கு முன்னால் நமக்கும் தேவனுக்கும் நடுவில் நடக்கவேண்டியதைப் பற்றி.

தாவீது ராஜா கர்த்தருக்கு முன்பாகத் தன் முழுப் பலத்தோடும் நடனம்பண்ணினார். நம்மில் யாரைக் கேட்டாலும் இந்த வசனத்தைச் சொல்வோம். 2 சாமுவேல் 6-ஆம் அதிகாரம், 14-ஆம் வசனம். ஆனால் அதே அதிகாரத்தின் ஆரம்பத்துக்குப் போய்ப் பாருங்கள். தேவனுடைய கற்பனைப் பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டியை எருசலேமுக்குக் கொண்டுவர அவர் முயன்றது அது முதல் தடவை அல்ல.

[திரையில்: மாட்டு வண்டியின் சக்கரம், மெதுவாக உருள்கிறது.]

முதல் தடவையும் கூட்டம் இருந்தது. கின்னரம், தம்புரு, கைத்தாளம் எல்லாம் இருந்தன. நாளாகமப் புத்தகம் அந்த முதல் ஊர்வலத்தைப் பற்றியும் முழுப் பலத்தோடு ஆடிப்பாடினார்கள் என்றுதான் சொல்கிறது. உற்சாகத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் பெட்டியைப் புது வண்டியில் ஏற்றியிருந்தார்கள். தேவபணிக்கென்று பிரிக்கப்பட்ட லேவியர் தோளில் சுமக்கவேண்டியது அது. அதற்காகவே அதில் தண்டுகள் இருந்தன. வழியில் மாடுகள் மிரண்டன, வண்டியை நடத்தின ஊசா கையை நீட்டிப் பெட்டியைப் பிடித்தான், அங்கேயே செத்துப்போனான். பாட்டு நின்றது. பயந்துபோன தாவீது பெட்டியை ஓபேத்ஏதோமின் வீட்டில் விட்டுவிட்டார். மூன்று மாதம் அது அங்கேயே இருந்தது.

இரண்டாவது தடவை என்ன மாறியது? 1 நாளாகமம் 15-ஐ வாசித்துப் பாருங்கள். லேவியரைக் கூப்பிட்டு, முதலில் உங்களைப் பரிசுத்தம்பண்ணிக்கொள்ளுங்கள் என்கிறார் தாவீது. போன தடவை நாம் கர்த்தரை முறைப்படி தேடவில்லை என்று வெளிப்படையாக ஒத்துக்கொள்கிறார். மறுபடி 2 சாமுவேல் 6-க்கு வந்தால், 13-ஆம் வசனத்தில், சுமக்கிறவர்கள் ஆறு தப்படி எடுத்து வைத்ததும் தாவீது பலி செலுத்துகிறார். அதற்கு அடுத்த வசனத்தில்தான் நடனம் வருகிறது.

எனக்கு இந்த வரிசை ரொம்ப முக்கியம். இரண்டு ஊர்வலத்திலும் சந்தோஷம் ஒன்றுதான். வித்தியாசம் அந்த மூன்று மாதத்தில் நடந்தது.

சரி, நம்முடைய ஆறு தப்படி எது?

[திரையில்: திறந்த வேதாகமம், பக்கத்தில் பாட்டு வரிகள் எழுதின நோட்டு.]

பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள். பாட்டு முடிவானவுடனே நாம் எல்லாரும் செய்வது கோரியோகிராஃபிக்கு உட்காருவது. கொஞ்சம் பொறுங்கள். ஒரு வாரம் அந்த வரிகளை ஆடாமல் வாசியுங்கள், ஜெபமாகச் சொல்லுங்கள். அது எந்த வசனத்திலிருந்து வந்தது என்று தேடி, அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். உதாரணத்துக்கு, "என் புலம்பலை ஆனந்தக்களிப்பாக மாறப்பண்ணினீர்" என்ற 30-ஆம் சங்கீதத்தின் வரி. அந்தச் சங்கீதத்தில் அழுகை இருக்கிறது, குழியில் இறங்குகிற பயம் இருக்கிறது, சாயங்காலம் தங்கும் கண்ணீர் இருக்கிறது. இதெல்லாம் தெரியாமல் ஆடினால் கை உயரும், சிரிப்பும் வரும், ஆனால் எதிலிருந்து எழுந்து ஆடுகிறோம் என்பது உடம்புக்குத் தெரியாது. தெரிந்து ஆடுகிற பிள்ளை முழங்காலிலிருந்து எழும் விதமே வேறு மாதிரி இருக்கும்.

அடுத்தது குழுவுக்குள் இருக்கும் மனஸ்தாபம். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நான் அதிகமாகத் தவறினது இங்கேதான். முன்வரிசையில் யார் நிற்பது என்று எங்கள் குழுவில் ஒருமுறை பேச்சு முற்றிவிட்டது. நானும் இன்னொரு சகோதரியும் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்படியே போய் ஆடினோம். ஸ்டெப் ஒன்றும் பிசகவில்லை, பாராட்டும் கிடைத்தது. ஆனால் ஒரு இடத்தில் நாங்கள் இருவரும் கைகோக்கவேண்டும். அந்தக் கையைப் பிடித்தபோது எனக்குள் எழும்பின வெட்கத்தை இன்னும் மறக்கவில்லை. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5-இல் இயேசு சொல்கிறார். நம்முடைய காணிக்கை இந்த உடம்பு. ரோமர் 12:1 சொல்கிற ஜீவபலி அதுதான். அதனால் இப்போது நிகழ்ச்சிக்கு முந்தின பயிற்சியில் அரைமணி நேரம் ஆடுவதே இல்லை. மன்னிப்புக் கேட்கவேண்டியவர்கள் தனியாகப் போய்ப் பேசிவிட்டு வருவார்கள். சில சமயம் அதில் முழு நேரமும் போய்விடும். போகட்டும்.

யாருக்காக ஆடுகிறோம் என்ற கேள்வியையும் தனி ஜெபத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். செங்கடலைக் கடந்தபின் மோசேயின் சகோதரி மிரியாமோடு ஸ்திரீகள் தம்புரு எடுத்து நடனமாடினார்கள். சில மாதங்களுக்குள், விக்கிரகமாகச் செய்த பொன் கன்றுக்குட்டியின் முன்னாலும் அதே ஜனத்துக்குள்ளே நடனம் நடந்தது. ஆடத் தெரிந்த கால்களுக்கு இரண்டு இடமும் சாத்தியம்தான்.

உபவாசம் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். உபவாசம் நல்லது, ஆனால் ஆடுகிற நாளில் பட்டினியாக வந்து மேடையில் மயங்கி விழவேண்டாம். அதை முந்தின நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளும், சர்க்கரை நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் சாப்பாட்டுக்குப் பதிலாக வேறு எதையாவது விட்டுக்கொடுக்கலாம். ஒரு வாரம் போனில் ரீல்ஸ் பார்க்காமல் இருப்பதுகூட லேசான காரியம் இல்லை.

உடைக்கு ஒரு வார்த்தை: தாவீது அன்றைக்குத் தரித்திருந்தது சணல்நூல் ஏபோத், அதாவது தேவசந்நிதியில் பணிவிடை செய்கிறவர்களின் எளிய மேலுடை. ஆலயத்தில் பணிவிடை செய்த சிறுவன் சாமுவேல் போட்டிருந்ததும் அதுதான். ராஜாவும் அந்தப் பிள்ளையும் ஒரே உடையில்.

[திரையில்: மேடைக்குப் பின்னால், தரையில் வட்டமாக உட்கார்ந்திருக்கும் குழு.]

அப்புறம், விமர்சனம் வரும். சில சபைகளில் நடனத்தை ஏற்றுக்கொள்ளமாட்டார்கள். போதகரோடு பேசாமல் ஆரம்பிக்காதீர்கள். ஏற்றுக்கொண்ட சபையிலும் யாராவது முகம் சுளிப்பார்கள். தாவீது ஆடி முடித்து, ஜனங்களை ஆசீர்வதித்து, அப்பமும் இறைச்சியும் பங்கிட்டுக் கொடுத்து, தன் வீட்டாரை ஆசீர்வதிக்கத்தான் திரும்பிப் போனார். வாசலில் அவர் மனைவி மீகாளின் ஏளனம் காத்திருந்தது. தான் ஆடினது கர்த்தருடைய சமுகத்துக்கு முன்பாக என்பதுதான் அவர் சொன்ன பதில். அந்தப் பதில் நம் வாயில் உண்மையாக வரவேண்டுமென்றால், அதை ஜெப அறையிலேயே தீர்மானித்திருக்கவேண்டும்.

ஆடி இறங்கினபிறகு எங்கள் குழு செய்வதையும் சொல்லிவிடுகிறேன். வீடியோ எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க எல்லாருக்கும் கை துடிக்கும். யாரும் போனைத் தொடமாட்டோம். வேர்வை காயும் முன்னே பின்னறையில் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு வரி நன்றி சொல்லி ஜெபிப்போம். அன்றைக்கு மேடையில் ஸ்டெப் மறந்து நின்ற பிள்ளை யாரோ, அந்தப் பிள்ளைதான் முதலில் ஆரம்பிக்கும்.