15,000 ரூபாய்க்கு ஒரு சீமெந்துப் பை வாங்கினேன்!

வணக்கம் உறவுகளே. மைக் இந்த முறை சட்டையில்தான் இருக்கிறது, இரண்டு தரம் பார்த்துவிட்டேன். போன வீடியோவில் என் குரலைவிட மின்விசிறிச் சத்தம் நன்றாக இருந்தது என்று எழுதிய அந்தத் தம்பிக்கு விசேட நன்றி.

பின்னால் கட்டிலில் பழைய படுக்கை விரிப்பால் சுற்றி ஒன்று கிடக்கிறது, தெரிகிறதா? அதுதான் இன்றைய கதை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் ஓவியம் வாங்கியிருக்கிறேன். 15,000 ரூபாய். சைக்கிள் டயர் மாற்ற மூன்று கடை ஏறி இறங்கி, அந்த விலைப் பேச்சையே ஒரு வீடியோவாகப் போட்டவள் நான், உங்களுக்குத் தெரியும்தானே. அம்மாவுக்கு இன்னும் விலை சொல்லவில்லை. அம்மா இந்தச் சேனல் பார்ப்பதில்லை. ஆனால் பெரியம்மா பார்ப்பார். பெரியம்மா, தயவுசெய்து.

சரி. போன சனிக்கிழமை நல்லூர்ப் பக்கம் ஒரு கலைக்கூடத்துக்குப் போனேன். பழைய நாற்சார் வீடு ஒன்றைத் திருத்திச் செய்திருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் அந்தக் காலத்துச் சிவப்புச் சீமெந்து நிலம், காலுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. மூன்று பேருடைய ஓவியங்கள். ஓவியர்களும் அங்கேயே நிற்பார்கள், கேட்டுக் கதைக்கலாம் என்று சொன்னதால்தான் போனேன். பனைமரமும் சூரிய அஸ்தமனமும் இருந்தால் அப்படியே திரும்பிவிடுவது என்று நினைத்துக்கொண்டு போனேன். எனக்குப் பனையில் கோபம் இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்தை வரை என்றால் செம்மஞ்சள் வானத்தில் கறுப்பாக மூன்று பனை நட்டுவிடுகிறார்களே, அதற்குத்தான் கோபம். நல்ல காலம், ஒன்றுகூட இல்லை.

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த விளக்கம் ஆங்கிலத்தில் பெரிதாக, தமிழில் எறும்பு அளவில். முன்னால் நின்ற ஐயா ஒருவர் கண்ணாடியைக் கழற்றி, திரும்பப் போட்டு, கடைசியில் என்னிடம் வாசிக்கச் சொன்னார். எனக்கும் தெரியவில்லை. போனில் படம் எடுத்துப் பெருப்பித்து அவருக்கு வாசித்தேன்.

முதலாமவர் ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர். நீர்வர்ணம். ஒவ்வொன்றின் கீழும் ஓர் ஆண்டு போட்டிருந்தது, எல்லாம் 1987, 1991, 1993 என்று. தாளோ புதுத்தாள். இது எப்படி என்று கேட்டேன். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி போரால் யாழ்ப்பாணமே வெளியேறிய இடப்பெயர்வில் காணி உறுதியையும் ஒரு குடையையும் எடுத்தாராம், வரைந்த படங்கள் எல்லாம் வீட்டோடு போயின. இப்போது அந்தத் தொலைந்த படங்களைத்தான் ஞாபகத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்ப வரைகிறார். கவனியுங்கள், விட்டுவந்த வீட்டை வரையவில்லை, விட்டுவந்த படத்தை வரைகிறார். "அப்ப கை பிழைவிட்ட இடத்தில இப்பவும் பிழை விடவேணும் பிள்ளை, அதுதான் கஷ்டம்" என்றார். நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

தோம்பு பற்றி முன்பு ஒரு வீடியோவில் கதைத்தேனே, அது உடனே ஞாபகம் வந்தது. யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட ‘த இன்கம்ப்ளீட் தோம்பு’ என்ற நூல். இடம்பெயர்ந்தவர்களைத் தாங்கள் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை ஞாபகத்திலிருந்து கீறச்சொல்லிச் சேர்த்த வேலை. தோம்பு என்பது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. இந்த மாஸ்டர் செய்வதும் அந்த வழிதான், ஆனால் இன்னும் பிடிவாதமாக.

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பொருட்கள் வராத பொருளாதாரத் தடைக்காலத்தில் எதில் வரைந்தீர்கள் என்று மாஸ்டரிடம் கேட்டேன். பரீட்சை வினாத்தாள்களின் பின்பக்கத்தில், ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் என்றார். சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது: போத்தலுக்குள் பஞ்சு, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு திரி. அந்த மங்கல் வெளிச்சத்தில் நீலமும் பச்சையும் ஒன்றுபோல இருக்குமாம். விடிந்து பார்த்தால் வானம் பச்சையாக இருக்கும். அந்தப் பச்சை வானத்தையும் அப்படியே திரும்ப வரைந்திருக்கிறார். மாற்கு மாஸ்டரின் பேச்சும் வந்தது. 1933இல் குருநகரில் பிறந்து 2000இல் காலமான ஓவியர் அ. மாற்கு. இன்று பெயர் தெரிந்த பலர் அவரிடம் படித்தவர்கள். நம் வீதிகளுக்கு எத்தனையோ பெயர் வைக்கிறோம், ஓர் ஓவியர் பெயரில் ஏதாவது வீதி இருக்கிறதா? சரி, அது வேறு வீடியோ.

இரண்டாமவரின் பெரிய பெரிய நிறத்திட்டுகள் எனக்குப் பிடிக்கவில்லை. ‘எல்லையற்றது’ 1, 2, 3, 4 என்று பெயர். கேட்டால் பார்ப்பவருக்கு எது தோன்றுகிறதோ அதுதான் என்கிறார். எனக்குப் பசி தோன்றியது. வெளியே போய் ஒரு ரோல்ஸ் சாப்பிட்டு, பால் போடாத தேத்தண்ணியும் குடித்துவிட்டு வந்தேன்.

வந்துதான் மூன்றாமவரைப் பார்த்தேன். முல்லைத்தீவுப் பக்கத்துப் பிள்ளை, மருதனார்மடத்தில் யாழ். பல்கலைக்கழகத்தின் கட்புலக்கலை, அதாவது ஓவியம் போன்ற கண்ணால் பார்க்கும் கலைகள், படித்தவர். அப்பா மேசன். படிக்கும்போது கன்வஸில்தான் வரைந்தாராம். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனபோது கன்வஸும் நிறக்குழாயும் கைக்கெட்டாமல் போய்விட்டன. வீட்டில் இருந்ததோ சீமெந்துப் பை. 50 கிலோப் பையில் தாள் பல அடுக்காக இருக்கும். வெளி அடுக்கில் அச்சு, உள் அடுக்கில் தூள். அவருக்குப் பிடித்தது அந்த உள் அடுக்குதான், எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் சீமெந்து அதில் நிற்கும். அதில் பிரஷ்யன் நீலத்தால் வானம் தீட்டினால் கொஞ்ச நேரத்தில் மண்ணிறமாகிவிடும். சுண்ணாம்புத் தன்மை அந்த நீலத்தைத் தின்றுவிடும். முதல் முறை அழுதாராம். இரண்டாம் முறை வேறு நீலம் வாங்கக் காசில்லை. மூன்றாம் முறை வேண்டுமென்றே செய்தார்.

நான் வாங்கியது அப்படி ஒன்று. பாதி கட்டிய சுவர், அதில் யன்னல் வைக்காத ஓட்டை, ஓட்டைக்குள் நீலமாகத் தொடங்கி மண்ணிறமாக முடியும் வானம். மேல் கரையில் பையைத் தைத்த ஊசித் துளைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றை வேண்டுமென்றே விட்டிருக்கிறார். ஆ, சொல்ல மறந்துவிட்டேன், அந்த மாஸ்டர் இந்தப் படங்களை வந்து பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? சீமெந்தும் தடைப்பட்ட பொருள்தானே அப்போது. "எங்கட காலத்தில சீமெந்தே இல்லை, பிறகெங்க பிள்ளை சீமெந்துப் பை?" அந்தப் பிள்ளைக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

இப்போது முக்கியமான விசயத்துக்கு வருகிறேன். படத்துக்குப் போடும் சட்டம்.

டவுனில் ஒரு பிரேம் கடை. சாமிப் படம், கலியாணப் படம் எல்லாம் போடுகிற கடை. படத்தின் உயரம் 18.5 அங்குலம். கடையில் ரெடியாக இருக்கும் சட்டம் 18. கடைக்காரர் படத்தைப் பார்க்கவே இல்லை, கரையைத்தான் பார்த்தார். "தங்கச்சி, மேல வெறும் ஓட்டைதானே, அரை இஞ்சி வெட்டிவிட்டால் அளவாய் இருக்கும், 4,200தான். வெட்டாமல் என்றால் புதுசாய் அடிக்கவேணும், 11,500." அந்த ஓட்டைக்கும் சேர்த்துத்தான் அண்ணை காசு கொடுத்தேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அப்படியென்றால் லமினேற் பண்ணித் தரட்டா என்றார். லமினேற்! அடையாள அட்டையா அது?

இரண்டாவது கடையில் கண்ணாடியோடு 9,800. அங்கேயும் கத்தரிக்கோல் மேசையில் தயாராக இருந்தது. மூன்றாவது கடை பூட்டு. வீதியில் நின்றபடி அந்தப் பிள்ளைக்கு அழைத்தேன். நடந்ததைச் சொன்னால் சிரிக்கிறார். "வெட்டுறதென்றால் வெட்டுங்கோ அக்கா, ஆனால் அந்தத் துண்டை எனக்குத் தாங்கோ, வேலைக்கு ஆகும்" என்றார்.

வெட்டவில்லை. எங்கள் ஒழுங்கைத் தச்சரிடம் கொடுத்திருக்கிறேன், பனஞ்சிலாகைத் துண்டுகளில் பெட்டி மாதிரிச் சட்டம், கண்ணாடி தாளில் முட்டாமல். 3,500 ரூபாய். அளவு எடுக்க வந்தவர் படத்தை நிறைய நேரம் பார்த்தார். "இந்தச் சுவர் பூச்சுப் பூசாத சுவர்" என்றார். பிறகு, "வரைஞ்ச ஆளுக்கு மேசன் வேலை தெரியும்" என்றார். நான் இன்னும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை!

கண்காட்சி இந்த மாத முடிவு வரை இருக்கும், அனுமதி இலவசம். சட்டம் புதன்கிழமை வரும் என்கிறார். எந்தப் புதன் என்று சொல்லவில்லை. அதுவரை படம் விரிப்புக்குள்தான்.