மொட்டை மாடித் தளத்துக்குத் தேக்கா, டபிள்யூ.பி.சி. பலகையா?

[காட்சி: சென்னையில் ஒரு வீட்டின் மொட்டை மாடி. உச்சி வெயில். தட்டோடு பதித்த தளம், மூலையில் மழைநீர்க் குழாயின் வாய்.]

வணக்கம். மொட்டை மாடியில் பலகைத் தளம் அமைக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் கடையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். தேக்கில் ஒரு துண்டும், மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. என்னும் கூட்டுப் பலகையில் ஒரு துண்டும் கையில் தரப்படுகின்றன. இரண்டும் அழகாகவே இருக்கின்றன. ஆனால் அந்தத் துண்டுகள் நிழலில் இருப்பவை. உங்கள் வீட்டுக்கு வரும் பலகையோ சித்திரை, வைகாசி வெயிலில் நாள் முழுதும் காய்ந்து, ஐப்பசி, கார்த்திகை மழையில் நாள்கணக்கில் நனையப் போகிறது. ஆகவே கடைக்குப் போகும் முன் மாடியைப் பார்க்க வேண்டும் என்பதே இந்தக் காணொளியில் நான் வலியுறுத்த விரும்புவது.

[காட்சி: தளத்தின் குறுக்குவெட்டுப் படம். கான்கிரீட், செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு, தட்டோடு.]

பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தேக்கு உத்தரங்களின் மேல் செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் நெருக்கமாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, கடைசியில் தட்டோடு பதித்தார்கள். இன்று அடியில் இருப்பது கான்கிரீட். ஆனாலும் அதன்மேல் வரும் ஜல்லிச் சுண்ணாம்பும் தட்டோடும் சேர்ந்த வெதரிங் கோர்ஸ் என்னும் காப்பு அடுக்கு அதே வேலையைத்தான் செய்கிறது: மழைநீரைக் கீழே இறங்கவிடாமல் குழாயை நோக்கிச் சரிவில் அனுப்புகிறது. பலகையைத் தாங்கும் சட்டங்களைத் துளையிட்டுத் திருகாணியால் தளத்தில் முடுக்கினால், ஒவ்வொரு துளையும் அந்தக் காப்பில் ஓர் ஓட்டை. கசிவு அடுத்த மழைக்காலத்தில் கீழ் அறையின் கூரையில் தெரியும்; எந்தத் துளையிலிருந்து வருகிறது என்று தேட, போட்ட பலகை முழுவதையும் கழற்ற வேண்டியிருக்கும்.

எனவே எந்தப் பலகையாக இருந்தாலும், சட்டங்கள் தளத்தின்மேல் வெறுமனே அமர வேண்டும். உயரத்தைத் திருகிச் சரிசெய்யும் பிளாஸ்டிக் தாங்கிகள் கிடைக்கின்றன. அவை இல்லையென்றால் தடித்த ரப்பர் வில்லைகள் போதும். சட்டங்கள் சரிவின் போக்கில் ஓட வேண்டும். குறுக்கே போட்டால் ஒவ்வொரு சட்டமும் ஓர் அணையாகி, நீர் தேங்கி, கொசுவும் பாசியும் சேரும். குழாய் வாயின்மேல் வரும் பகுதியைத் தனியாகத் தூக்கி எடுக்கும்படி செய்யச் சொல்லுங்கள். காய்ந்த இலைகள் அங்கேதான் அடையும். வேலை தொடங்கும் முன் குழாயை அடைத்து, தளத்தில் இரண்டு மூன்று நாள் நீர் தேக்கிக் கீழே கசிகிறதா என்று பார்த்துவிடுவது அவசியம். ஒப்பந்தக்காரர் நேரமில்லை என்று சொன்னாலும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

[காட்சி: தேக்குப் பலகையின் வெட்டு முனை, அருகிலிருந்து.]

இனி மரம். மரம் ஈரத்தை வாங்கும்போது நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை, அகலவாக்கில்தான் விரிகிறது. பச்சைத் தேக்கு முழுதும் உலரும்போது ஆண்டு வளையங்களின் போக்கில் சுமார் 5 முதல் 6 சதவீதம் சுருங்கும். மையத்திலிருந்து வெளிநோக்கிய போக்கில் அதில் பாதிதான். இந்த ஏற்றத்தாழ்வுதான் பலகையைக் குழிந்து வளையச் செய்கிறது. வெட்டு முனையில் வளையக் கோடுகள் செங்குத்தாக நிற்கும் பலகை கிடந்த இடத்தில் கிடக்கும்; கோடுகள் படுத்திருக்கும் பலகை இரண்டு பருவத்துக்குள் ஓரம் தூக்கிக்கொள்ளும். மரக்கடையில் இதைப் பார்த்துப் பொறுக்கி எடுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

தேக்கு கரையானுக்கும் பூஞ்சைக்கும் அஞ்சாதது என்று சொல்வது அதன் வைரத்துக்கு, அதாவது உள்ளே இருக்கும் அடர்நிற மரத்துக்கு மட்டுமே பொருந்தும். அதில் உள்ள எண்ணெயும் இயற்கைச் சேர்மங்களும்தான் காப்பு. வெளிப்புறத்து வெளிறிய பகுதியில் அவை இல்லை, அது சாதாரண மரத்தைப் போலவே மக்கும். விலை குறைவாகச் சொல்லப்படும் தேக்கில் பலவேளை ஓரமாக அந்த வெளிர்ப்பட்டை ஓடியிருக்கும். வேங்கையும் உறுதியான மரம்தான். ஆனால் ஈரம் பட்டால் மஞ்சளாகச் சாயம் இறக்கும் என்பதால், வெள்ளைச் சுவரும் வெள்ளை ஓடும் உள்ள மாடிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வெயில் வேறு விதமாக வேலை செய்கிறது. புற ஊதாக் கதிர், மர இழைகளைப் பிணைத்து வைக்கும் லிக்னின் என்னும் பொருளைச் சிதைக்கிறது. மழை அதைக் கழுவுகிறது. மேற்பரப்பு சாம்பல் நிறமாகிறது. இது மக்குதல் அன்று, மேல்தோலின் மாற்றம் மட்டுமே. அந்தச் சாம்பல் நிறம் உங்களுக்குப் பிடித்திருந்தால் தேக்கின் பராமரிப்பில் பாதி குறைந்துவிடும். பொன்னிறம் வேண்டுமென்றால், மழை ஓய்ந்து காற்று உலர்ந்திருக்கும் தை, மாசி மாதங்களில் ஆண்டுதோறும் எண்ணெய் பூச வேண்டும். பளபளப்பான வார்னிஷ் வேண்டாம். திறந்த வெளியில் அது வெடித்து உரியும், பிறகு முழுவதையும் தேய்த்தெடுக்காமல் மறுபடி பூச முடியாது. ஆளி விதை எண்ணெய் பயன்படுத்தினால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது வெப்பம் வெளிப்பட்டு அது தானே தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவைத்த பிறகே அப்புறப்படுத்த வேண்டும்.

[காட்சி: கூட்டுப் பலகைகள் இரண்டு. ஒன்று உள்ளே குழாய்போல் வெற்றிடம் உள்ளது, ஒன்று திண்மையானது.]

டபிள்யூ.பி.சி. என்பது மரத்தூளும் பிளாஸ்டிக்கும் சூட்டில் கலந்து அச்சில் பிதுக்கிய பலகை. அந்தப் பிளாஸ்டிக் எது என்பதை முதலில் கேளுங்கள். கதவு நிலைக்கும் சமையலறை அலமாரிக்கும் இதே பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் நுரைத்த பி.வி.சி.; அது வெயிலில் கிடக்கும் தளத்துக்கான பொருள் அன்று. தளப் பலகைகள் பொதுவாகப் பாலிஎத்திலீனில் செய்யப்படுகின்றன. மேலுறை இல்லாத பழைய வகைகளில் மேற்பரப்பில் வெளித்தெரியும் மரத்தூள் ஈரத்தை வாங்கிப் பூஞ்சைப் புள்ளிகள் விழுந்தன. இப்போதைய நல்ல பலகைகளுக்குச் சுற்றிலும் பிளாஸ்டிக் மேலுறை உண்டு. சிலவற்றில் அடிப்பக்கம் மட்டும் உறையில்லாமல் இருக்கும். ஈரம் தேங்குவது அடியில்தான் என்பதால், நான்கு பக்கமும் உறை உள்ளதையே வாங்க வேண்டும்.

கரையான் பயம் மிகக் குறைவு, சிலாம்பு குத்தாது, எண்ணெய் பூசும் வேலை இல்லை. இவை பொய்யில்லாத நன்மைகள். வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு ஆண்டுக்கு ஓரிரு முறை வீட்டுக்கு வருபவர்களுக்கு இவை பெரிய நன்மைகள். ஆனால் விற்பவர்கள் அதிகம் பேசாத ஒன்று வெப்பம்.

[காட்சி: மூன்று மீட்டர் பலகை, முனைகளில் இடைவெளியைக் காட்டும் வரைபடம்.]

மழை நாளின் விடியலில் 25 டிகிரியில் இருக்கும் பலகை, மே மாத நண்பகலில் 65 டிகிரியை எட்டுகிறது என்று கொள்வோம். அந்த 40 டிகிரி மாற்றத்தில் மூன்று மீட்டர் நீளத் தேக்கு அரை மி.மீ. அளவே நீளும், அதே நீளக் கூட்டுப் பலகை, கலவையைப் பொறுத்து, சுமார் 4 முதல் 6 மி.மீ. நீளும். தை மாதக் குளிர் காலையில் முனையோடு முனை ஒட்டி அடுக்கிவிட்டால், கோடையில் அவை ஒன்றையொன்று தள்ளி நடுவில் மேலெழும். தயாரிப்பாளர் தரும் அட்டவணையில், பொருத்தும் வேளையின் வெப்பநிலைக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று இருக்கும். ஆசாரி அதைப் பார்த்துத்தான் அடுக்க வேண்டும். மரத்துக்குப் பழகிய கை பலகைகளின் அகலவாக்கில் இடைவெளி விடும், முனைகளைச் சேர்த்துவிடும். இங்கே முனைகளுக்குத்தான் இடம் வேண்டும்.

வெப்பம் பலகையை இன்னொரு விதத்திலும் சோதிக்கிறது. பிளாஸ்டிக் சூட்டில் இளகி மெல்லத் தொய்யும். ஆகவே சட்டங்களுக்கு இடையே 300 மி.மீ. அளவுக்கு மேல் போகாமல் இருப்பது நம் ஊர் வெயிலுக்குப் பாதுகாப்பு. கூட்டுப் பலகையையே தாங்கு சட்டமாக வைப்பதைத் தவிர்த்து, அலுமினியச் சட்டம் வாங்கலாம். உள்ளே வெற்றிடம் உள்ள மலிவான பலகையில் நீர் புகுந்து வெளியேறாமல் நிற்கும். அதைவிடக் குறைந்த பரப்புக்குத் திண்மையான பலகை போடுவது நல்லது.

பிறகு நம் கால்கள். நாம் மாடியில் செருப்பில்லாமல் நடக்கிறோம்; வடகம் பிழிகிறோம், மிளகாய் காயவைக்கிறோம், குழந்தைகள் ஓடுகிறார்கள். அடர் பழுப்பு நிறக் கூட்டுப் பலகை பிற்பகல் வெயிலில் காலை வைக்க முடியாதபடி சுடும்; அதே வெயிலில் வெளிர்நிறத் தேக்கு சுடாமல் இராது, ஆனால் பொறுத்துக்கொள்ளலாம். இதை என் வார்த்தையால் ஏற்க வேண்டாம். இரண்டு மாதிரித் துண்டுகளையும் வீட்டுக்கு வாங்கி வந்து, மாடியில் பிற்பகல் இரண்டு மணிவரை வைத்து, வெறுங்காலால் மிதித்துப் பாருங்கள். அதன்பின் துண்டை அறுத்து ஒரு வாரம் தண்ணீரில் ஊறவைத்து, தடிமன் கூடுகிறதா என்று அளந்து பாருங்கள்.

கார்த்திகைக்கு அகல் ஏற்றும் வீடுகளுக்கு ஒரு குறிப்பு. பாலிஎத்திலீன் ஏறத்தாழ 130 டிகிரியில் உருகிவிடும். சாய்ந்த திரியோ தீபாவளிப் பட்டாசின் பொறியோ பட்ட தடம் அழியாது. தேக்கில் அந்தக் கரியைச் சீவியெடுத்துவிடலாம்.

[காட்சி: மழைநீர்க் குழாய் கிணற்றுக்குள் இறங்குவது.]

தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். உங்கள் மாடியில் விழும் மழை கிணற்றுக்கோ தொட்டிக்கோ போகிறது என்பதை மறக்கக் கூடாது. விலை குறைந்த பைன் மரம் செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்தேற்றி விற்கப்படுவதுண்டு. அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அந்த மருந்து 2003 இறுதியோடு நிறுத்தப்பட்டது. எந்த மருந்து ஏற்றியது என்பதை எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள். கடற்கரைக்கு அருகில் பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற இடங்களில் திருகாணி 316 தர எவர்சில்வராக இருக்கட்டும். சாதாரண இரும்புத் திருகாணி உப்புக் காற்றில் துருவேறி, தேக்கிலும் கறுப்புக் கறையை இறக்கும்.

[காட்சி: காரைக்குடியில் பழைய மரச்சாமான் கடை. அடுக்கிய உத்தரங்கள்.]

முழு வெயில் படும் மாடிக்கு என் தேர்வு வைரத் தேக்கு. பராமரிக்க ஆளில்லாத வீட்டுக்கு, மேலே பந்தலோ கூரையோ இருந்தால், வெளிர்நிறத்தில் திண்மையான கூட்டுப் பலகை. தேக்கின் விலை மலைக்க வைக்கிறது என்றால், இடித்த பழைய வீடுகளின் உத்தரங்களை விற்கும் கடைகளுக்குப் போய்ப் பாருங்கள். சென்னையிலும் காரைக்குடியிலும் பர்மாத் தேக்கு இன்னும் வருகிறது. பல பத்தாண்டுகள் உலர்ந்த மரம் என்பதால் அது இனிமேல் பெரிதாக வளையாது. அறுக்கக் கொடுக்கும் முன் பழைய ஆணிகளைக் காந்தம் வைத்துத் தேடிப் பிடுங்கிவிட வேண்டும், இல்லையென்றால் ரம்பத்தின் பல் போகும். சுவருக்குள் புதைந்திருந்த முனைகள் ஈரத்தில் மக்கியிருக்கக்கூடும் என்பதால், இரண்டு பக்கமும் ஓரடி கழித்தே நீளத்தைக் கணக்கிட்டு விலை பேசுங்கள்.