குட்டி தண்ணீர் குடிப்பது வெயிலாலா, கிட்னியாலா?

வணக்கம் நேயர்களே. சேலத்தில் நாய் வைத்தியம் பார்க்கிற எனக்குக் கோடை வந்தால் எல்லாரிடமும் ஒரே பதில்தான் கிடைக்கும். குட்டி ஏன் இவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று கேட்டால், "வெயிலுங்க டாக்டர்." சரி, ஊருக்குள் இருக்கிற ஃபேர்லேண்ட்ஸில் மே மாதத்தில் அது நியாயம், ஆனால் ஏற்காட்டிலிருந்து ஸ்வெட்டரோடு இறங்கி வந்தவரும் அதையே சொன்னால் நான் என்ன செய்ய!

வெயில் இல்லாமல் கிட்னியும் காரணமாக இருக்கலாம். ஷீட்சு, லாசா ஆப்சோ, கோல்டன் ரெட்ரீவர், பாக்சர் போன்ற நாய் இனங்களில் சில குட்டிகளுக்குச் சிறுநீரகம் முழுசாக உருவாகாமலே போய்விடும். காக்கர் ஸ்பேனியலில் வேறு ஒரு பரம்பரைக் கோளாறு உண்டு: தாயும் தகப்பனும் நல்லாத்தான் இருக்கும், இரண்டிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்த குட்டிக்கு மட்டும் பெரும்பாலும் 2 வயதுக்குள் கிட்னி செயலிழந்துவிடும். இதற்கு மரபணுப் பரிசோதனை இருக்கிறது, குட்டி வாங்கும்போது அதைக் கேட்பவர்தான் இல்லை.

குட்டி வளராமல் சோனியாக இருக்கும், சாப்பாட்டை மோந்துவிட்டுப் போகும், வாந்தி, வாய் நாற்றம். இதெல்லாம் பிந்தித்தான் தெரியும். முதலில் தெரிவது தண்ணீரும் மூத்திரமும்தான். இங்கேதான் பலர், வீட்டுக்குள் ஈரம் பண்ணுகிறதே என்று தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து ஒளித்து வைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், கிட்னி கெட்ட குட்டி மூத்திரத்தைக் கெட்டியாக்க முடியாது, தண்ணீரையும் நிறுத்தினால் உடம்பு வற்றி இன்னும் மோசமாகும்.

அளந்து பாருங்கள். ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது 5 கிலோ குட்டி அரை லிட்டருக்கு மேல் தினமும் குடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை, கிருமித் தொற்று என்று வேறு காரணமும் இருக்கலாம். காலையில் எழுந்ததும் போகிற முதல் மூத்திரத்தை நீளமான கரண்டியில் பிடித்து, சுத்தமான டப்பாவில் ஊற்றிக் கொண்டுவந்தால் போதும். "பிளட் டெஸ்ட் நார்மல்" என்று நிம்மதியாகப் போய்விடாதீர்கள், கிட்னியில் முக்கால்வாசி போன பிறகுதான் கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு) ஏறும். மூத்திரம் நீர்த்துப்போவது அதற்கு முன்பே தெரிந்துவிடும். அப்புறம் ஸ்கேன்.

பிறவிக் கோளாறைக் குணமாக்க மருந்து கிடையாது. பாஸ்பரஸ் குறைந்த உணவு, வாந்திக்கு மாத்திரை, தாராளமாகத் தண்ணீர் என்று சில குட்டிகளை நாலைந்து வருஷம்கூட ஓட்டலாம். மனுஷர் போடுகிற வலி மாத்திரையை மட்டும் கண்ணிலும் காட்டாதீர்கள்.

உறுதியானால் குட்டி விற்றவருக்கு ஒரு போன் போடுங்கள். கூடப்பிறந்த குட்டிகளையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள், அந்தத் தாய், தகப்பன் ஜோடியை மறுபடி சேர்க்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள், மீதிப் பேர் கேட்கிறார்கள்.