முறுக்கிய வளையச் சுருள்கள்: வடிவமும் காந்தப்புலமும்

(திரையில்: காற்றடைத்த சைக்கிள் டியூப், அதன் மேல் ஒரு கம்பி சுற்றிக்கொண்டே முன்னேறுகிறது.)

இந்த டியூப்பின் வடிவத்தைக் கணிதத்தில் டோரஸ் என்பார்கள். இதன் மேற்பரப்பில் எந்தப் புள்ளியையும் இரண்டு கோணங்களால் குறித்துவிடலாம்: நடுத்துளையைச் சுற்றி வந்த தூரத்தைச் சொல்வது நெடுங்கோணம், குழாயின் குறுக்குவெட்டைச் சுற்றி வந்த தூரத்தைச் சொல்வது குறுங்கோணம். இவ்விரண்டையும் இணைக்கும் ஒரு சமன்பாட்டை எழுதினால், முறுக்கிய சுருளின் வடிவம் கிடைத்துவிடும்.

ஜப்பானின் டோக்கி நகரில் 1998இல் இயங்கத் தொடங்கிய எல்.ஹெச்.டி. என்ற கருவியை எடுத்துக்கொள்வோம். பிளாஸ்மாவை, அதாவது எலக்ட்ரான்களும் அயனிகளும் பிரிந்து திரியும் மிகச் சூடான வாயுவை, காந்தப்புலத்தால் அடைத்துவைப்பது இதன் வேலை. அதன் சுருள்களுக்குப் பெரிய ஆரம் (நடுத்துளையின் மையத்திலிருந்து குழாயின் மையம் வரை) 3.9 மீட்டர், சிறிய ஆரம் (குழாயின் குறுக்குவெட்டின் ஆரம்) 0.975 மீட்டர், நெடுங்கோணம் ஒரு சுற்று முடிப்பதற்குள் குறுங்கோணம் 5 சுற்று முடிக்கிறது. இதே போன்ற இன்னொரு சுருள், குறுங்கோணத்தில் 180 பாகை தள்ளி ஓடுகிறது.

(திரையில்: சுருள் சிறு நேர்த்துண்டுகளாக உடைகிறது.)

இந்தச் சுருளில் மின்னோட்டம் பாயும்போது உண்டாகும் காந்தப்புலத்தைக் கணக்கிட பியோ-சவார் விதி போதும். கம்பியைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றும் நமது புள்ளியில் உண்டாக்கும் புலத்தைத் திசையோடு கூட்ட வேண்டும். ஒரு துண்டின் புலம் மின்னோட்டத்துக்கு நேர்விகிதத்திலும், தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். கம்பிக்கு மிக அருகில் மட்டும் இந்தக் கணக்கை நம்பக்கூடாது: தடிமனே இல்லாத கோட்டுக்கு அங்கே புலம் எல்லையின்றி ஏறும். ஆகவே உண்மையான சுருளைப் பல இழைகளின் கட்டாகவே வரைய வேண்டும். இந்தக் கணக்கைச் செய்யும் கணினி நிரலைச் சோதிக்க எளிய வழி உண்டு. முறுக்கில்லாத, நெருக்கமாகச் சுற்றிய வளையத்தில் சுற்றுகளையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் 10 லட்சம் ஆம்பியர் வருமானால், குழாயின் உள்ளே, நடுத்துளையின் வழியே செல்லும் அச்சிலிருந்து 1 மீட்டரில் 0.2 டெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு) கிடைக்க வேண்டும்.

அந்த எளிய வளையமே போதாதா? போதாது. அதன் புலம் வெளிப்பக்கம் போகப்போகக் குறைவதால், எலக்ட்ரான்கள் ஒரு பக்கமும் அயனிகள் எதிர்ப்பக்கமும் நகர்ந்து, அதனால் எழும் மின்புலம் பிளாஸ்மாவைச் சுவரை நோக்கித் தள்ளிவிடும். புலக்கோடுகளை முறுக்கினால் இந்தப் பிரிவினை சமனாகும் என்று 1951இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இயற்பியலாளர் லைமன் ஸ்பிட்சர் முன்வைத்தார். அவருடைய முதல் வடிவம் 8 என்ற எண்ணைப் போல வளைந்த குழாய்.

(திரையில்: பிளாஸ்மாவின் எல்லைப்பரப்பு, அதைச் சூழ்ந்து இன்னொரு பரப்பு.)

இதுவரை வடிவத்திலிருந்து புலத்துக்குப் போனோம். ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் உள்ள வெண்டெல்ஸ்டைன் 7-எக்ஸ் கருவியின் சுருள்கள் எதிர்த்திசையில் பிறந்தவை, என் பார்வையில் இந்தத் துறையின் அழகே அதுதான். 1987இல் பீட்டர் மெர்க்கெல் வெளியிட்ட முறையில், முதலில் பிளாஸ்மாவின் எல்லைப்பரப்பு முடிவாகிறது. பிறகு அதைச் சூழ்ந்த வெளிப்பரப்பில் மின்னோட்டம் எப்படிப் பாய்ந்தால் அந்த எல்லையை ஊடுருவும் புலம் மிகக் குறையும் என்று தேடப்படுகிறது. விடையாக வரும் மின்னோட்டக் கோடுகளைத் தொகுத்தால் சுருள்கள். வெண்டெல்ஸ்டைனில் இப்படி வளைந்து நெளிந்த மீக்கடத்திச் (கடுங்குளிரில் மின்தடை இல்லாத) சுருள்கள் 50; சமச்சீர் காரணமாக வடிவங்கள் 5 மட்டுமே. 2015 டிசம்பரில் முதல் பிளாஸ்மா உருவானது. எலக்ட்ரான் கற்றையால் புலக்கோடுகளைப் பின்தொடர்ந்து அளந்தபோது, பிழை 1 லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தது.

ஆனால் இந்தத் தேடலில் ஒரு சிக்கல் உண்டு. புலத்தின் நுண்ணிய மடிப்புகள் தொலைவில் வேகமாக மங்குவதால், சிறு திருத்தம் கேட்டாலும் வெளிப்பரப்பில் பெரிய மின்னோட்டமும் கடுமையான வளைவும் தேவைப்படும். பிரின்ஸ்டனில் கட்டப்பட்டுவந்த, இதே வகையான என்.சி.எஸ்.எக்ஸ். கருவி, துல்லியத்துக்கான செலவு ஏறியதால் 2008இல் பாதியில் கைவிடப்பட்டது. எனவே இன்றைய நிரல்கள் புலப்பிழையோடு கம்பியின் நீளம், வளைவு, சுருள்களுக்கிடையேயான இடைவெளி ஆகியவற்றையும் ஒரே கணக்கில் சேர்த்தே குறைக்கின்றன.