சார்ஜர்ல கிடக்குற போன்

நடுவர் அவர்களுக்கும், எதிரணிக்கும், என் அணிக்கும், பின்வரிசையில மடியில லேப்டாப்பைத் திறந்து வச்சு மெயில் பார்த்துக்கிட்டே பட்டிமன்றம் கேட்கிற ஐயாவுக்கும் வணக்கம்.

தலைப்பு உங்களுக்கே தெரியும். மனசுக்கு நிறைவு தராத, ஆனா வசதியான கார்ப்பரேட் வேலை: தொடர்வதா, விடுவதா? நாங்க தொடர்வதேன்னு பேச வந்திருக்கோம். இந்த அணிக்கு ஆள் கிடைக்கிறதே கஷ்டம்னு நினைச்சாங்களாம். பேர் கொடுக்கச் சொன்னதும் முதல்ல நிரம்பினது எங்க அணிதான், நடுவர் அவர்களே. நேரத்துக்கு வர்றது எங்களுக்குப் பழகிப்போச்சு.

எனக்கு முன்னாடி பேசின அக்கா ஒரு போடு போட்டாங்க. "நிறைவில்லாத வேலையில இருக்கிறவன் சார்ஜர்லயே செருகி வச்ச போன் மாதிரி. எப்பப் பார்த்தாலும் 100 காட்டும், ஆனா சுவத்தை விட்டு ரெண்டடி நகராது"ன்னாங்க. நீங்க கைதட்டினீங்க. நானும் தட்டினேன். நல்லா இருந்தா தட்டணும். ஆனா அக்கா, போனைத் தொட்டுட்டீங்க. இனி நான் விட மாட்டேன்.

சார்ஜர்லேர்ந்து உருவின போனைப் பார்த்திருக்கீங்களா? காலையில வீராப்பாக் கிளம்பும். 80 வரைக்கும் பாட்டு, படம், கொண்டாட்டம். 40ல போன்காரர் வெளிச்சத்தைக் குறைப்பார். 15ல சிவப்பு. 5 வந்துட்டா அவர் முகத்தைப் பார்க்கணுமே! ரயில் நிலையத்துல குப்பைத்தொட்டிக்குப் பின்னாடி ஒரு பிளக் பாயிண்ட் இருக்குன்னு கண்டுபிடிச்சு, அங்க குத்தவச்சு உட்கார்ந்திருப்பார். பக்கத்துல போய், "சார், சுதந்திரம் எப்படி இருக்கு?"ன்னு கேட்டுப் பாருங்க அக்கா.

எப்பவும் 100லயே வச்சிருந்தா பேட்டரி கெடுமேன்னு நீங்க கேட்கலாம். கேட்கல, நானே சொல்லிடறேன். லித்தியம் அயான் பேட்டரிக்கு முழு சார்ஜும் சூடும் சேர்ந்தா ஆயுசு குறையும், உண்மை. அதுக்காக சார்ஜரை ஜன்னல் வழியா எறிவாங்களா? இப்ப நிறைய போன்ல 80ல நிறுத்திக்கோன்னு செட்டிங்கே இருக்கு. வேலையிலயும் அந்த செட்டிங் இருக்கு. கொடுத்த வேலையை ஒழுங்கா முடி. கேட்காத மூணு கமிட்டிக்குக் கை தூக்காதே. 'சும்மா தகவலுக்கு'ன்னு கூப்பிடற மீட்டிங்குக்குக் குறிப்பு மட்டும் அனுப்பச் சொல்லு. வாரத்துக்கு 168 மணி நேரம். வேலை 40, தூக்கம் 56. மிச்சம் 72. அந்த 72ஐ என்ன பண்ணினேன்னு கேட்டா, 40ஐத் திட்டிக்கிட்டு இருந்தேன்னு சொல்றவங்கதான் அதிகம்.

சரி, உருவிட்டுப் போன ஒருத்தரைப் பார்ப்போம். பேர் வேண்டாம், எல்லா கம்பெனியிலயும் இருக்கார். அக்கவுண்ட்ஸ் பேயபிள் பிரிவு, அதாவது கம்பெனி வெளியாளுக்குத் தர வேண்டிய பணத்தைக் கொடுக்கிற இடம். வெளியிலேர்ந்து பில் வரும். அதைப் பர்ச்சேஸ் ஆர்டரோட, அதாவது கம்பெனி முதல்ல எழுதிக் கொடுத்த ஆர்டரோட ஒப்பிடணும். வேலை முடிஞ்சதுக்கான என்ட்ரியோட ஒப்பிடணும். மூணும் ஒத்துப்போனா பணம், இல்லேன்னா பில் திரும்பிப் போகும். 'த்ரீ வே மேட்ச்'னு பேரு. பணம் கொடுக்க 60 நாள் அவகாசம். அதுவும் சரியான பில் கைக்கு வந்த நாளிலேர்ந்து. மாசத்துல ரெண்டே நாள்தான் பேமெண்ட் ரன், அதாவது பணம் அனுப்புற நாள், 10ம் தேதியும் 25ம் தேதியும். இதுல எங்கய்யா நிறைவு? எனக்கே தெரியல. மனுஷன் ஒருநாள் எழுதிக் கொடுத்துட்டார். போட்டோகிராபர் ஆயிட்டார்.

முதல் பெரிய ஆர்டர் வந்துச்சு. யார்கிட்டேர்ந்து? அதே பழைய கம்பெனி. ஆண்டு விழா. 6 மணி நேரம் ஓடி ஓடிப் படம் எடுத்தார், ராத்திரி முழுக்கத் தேறினதைப் பொறுக்கினார், திருத்தினார், கொடுத்தார், பில்லும் அனுப்பினார். 19 நாள் கழிச்சு ஒரு மெயில். "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் பில்லில் பர்ச்சேஸ் ஆர்டர் எண் குறிப்பிடப்படவில்லை. சரிசெய்து மீண்டும் அனுப்புமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்." வாசிச்சவருக்கு எங்கேயோ படிச்ச மாதிரி இருக்கு. எங்க படிச்சார்? படிக்கல நடுவர் அவர்களே, எழுதினார்! 4 வருஷத்துக்கு முன்னாடி அந்த டெம்ப்ளேட்டை டைப் அடிச்சதே அவர்தான். அந்த 'அன்புடன்' அவர் சேர்த்தது!

இருங்க, முடியல. அன்னிக்கே எண்ணைப் போட்டு அனுப்பினார். 11 நாள் கழிச்சு மறுபடியும் மெயில்: வங்கிக் கணக்கு விவரம் வெண்டர் பதிவுல, அதாவது பில் போடறவங்களைப் பத்தின கம்பெனி பதிவுல, இருக்கிறதோட ஒத்துப்போகல. அதுவும் அவர் டெம்ப்ளேட்தான், ரெண்டாம் நம்பர். அதையும் அன்னிக்கே சரிபண்ணினார். பில் ஏத்துக்கிட்டாங்க. அப்பதான் 60 நாள் கடிகாரம் ஓட ஆரம்பிக்குது. 60வது நாள் எந்தத் தேதியில விழுது? 11ம் தேதி. பேமெண்ட் ரன் என்னிக்கு? 10. நேத்து முடிஞ்சுபோச்சு! அடுத்தது 25. கூட்டிப் பாருங்க. 19, 11, 60, 14. மொத்தம் 104 நாள். 6 மணி நேரம் எடுத்த படத்துக்கு 104 நாள் காத்திருப்பு. யாரைத் திட்டுவார்? விதியை எழுதினவனைத் திட்டணும்னா கண்ணாடி முன்னாடி போய் நிற்கணும்.

இந்தக் கதைக்கு இன்னொரு முடிவும் உலவுது. மனுஷன் வெறுத்துப்போய் அதே கம்பெனியில மறுபடி சேர்ந்தாராம். முதல் நாள் திறந்தா, வரிசையில முதல் பில் அவரோடதே. பார்த்தார். தேதி தப்பா இருந்துச்சாம். திருப்பி அனுப்பிட்டார். அன்புடன்!

சிரிச்சாச்சுல்ல? அவர் கையில 90 நாளைக்குப் பணம் வச்சுக்கிட்டுத்தான் விட்டார். பில்லுக்குப் பணம் வந்தது 104வது நாள். நடுவுல இருக்கிற 14 நாள்தான் எங்க அணியோட வாதம். சம்பளத்தை வச்சுக் கணக்குப் போடாதீங்க, செலவை வச்சுப் போடுங்க. குறைஞ்சது 6 மாசச் செலவு. சம்பளம் ஒரே தேதியில வராத தொழிலுக்குப் போறீங்கன்னா இன்னும் மேல. கம்பெனி கட்டிக்கிட்டு இருந்த மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோட நின்னுபோகும். அந்த பிரீமியத்தையும் செலவுல சேருங்க. சம்பளத்தோட கம்பெனிப் பங்கும் (ஷேர்) கொடுக்கிற இடமா இருந்தா, அதுக்கான கடிதத்தைப் படிங்க. 4 வருஷத்துல பிரிச்சுக் கொடுப்பாங்க, முதல் பங்குக்கே ஒரு வருஷம் முடியணும்னு பல இடத்துல இருக்கும். 11வது மாசம் வீராவேசமா எழுந்து போனா கையில வர்றது சுழியம்.

"அப்படி உட்கார்ந்தே இருந்தவன் எவன் சாதிச்சான்?"னும் அக்கா கேட்டாங்க. ஐன்ஸ்டீன். 1902ல பெர்ன் நகரத்துல காப்புரிமை அலுவலகத்துல சேர்ந்தார், மூணாம் வகுப்பு அலுவலர். 1905ல இயற்பியலையே புரட்டிப் போட்ட கட்டுரைகள் வந்துச்சு. மறுநாள் ராஜினாமாவா? 1906ல ரெண்டாம் வகுப்புக்குப் பதவி உயர்வு வாங்கினார்! விட்டது 1909ல. நம்ம ராமானுஜன்? 1913 ஜனவரி 16 தேதியிட்டு இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதின கடிதத்துல தன்னை என்னன்னு அறிமுகப்படுத்திக்கிட்டார்? கணித மேதைன்னா? சென்னைத் துறைமுகத்துல கணக்குப் பிரிவு குமாஸ்தா, வருஷத்துக்கு 20 பவுண்டு சம்பளம்னு. வசதின்னு சொல்ற சம்பளம் இல்ல. ஆனா அதுக்கு முன்னாடி நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கிட்டு வீடு வீடா வேலை கேட்டு அலைஞ்சவர் அவர். கவனிச்சீங்களா, அவரும் அக்கவுண்ட்ஸ்தான்!

நடுவர் மணியைப் பார்க்கிறார். ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன்.

வேலையில சேர்ற அன்னிக்கு ஒரு படிவம் கொடுப்பாங்க. 'உங்களைச் சார்ந்திருப்பவர்கள்'. பேர், உறவு, பிறந்த தேதி. அக்கா, நீங்க சொன்ன அந்த சார்ஜர்ல கிடக்குறவன், அம்மா பிறந்த தேதி தெரியாம வராண்டாவுக்கு வந்து போன் பண்ணியிருப்பான். "எதுக்குடா இப்போ?" "ஆபீஸ்ல கேட்கிறாங்கம்மா." "என் பேரெல்லாமா அங்க எழுதுவாங்க?" அந்தக் குரல்ல இருந்த வெட்கத்தை அவன் வச்சிருக்கான்.

அப்புறம் வருஷா வருஷம் அந்தப் பக்கம் திரையில வரும். விவரம் சரியான்னு கேட்கும். சரின்னு அழுத்துவான், அரை நிமிஷம். ஒரு வருஷம் அப்படி அழுத்த முடியாது. ஒரு பேருக்குப் பக்கத்துல 'நீக்கு'ன்னு இருக்கும். தொட்டா, காரணம் என்னன்னு ஒரு பட்டியல் விரியும், அதுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும். கடைசித் தேதி வரைக்கும் அதைத் தொடாம வச்சிருப்பான். ஆஸ்பத்திரியில இருந்த அத்தனை நாளும் ஒரு பில்கூட அவன் கைக்கு வரல. எல்லாத்தையும் அந்த நிறைவில்லாத வேலை கட்டிச்சு. அவன் செய்ய வேண்டியிருந்தது அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துல உட்கார்றது மட்டும்தான்.

திரை இன்னும் திறந்தே இருக்கு அக்கா. போய் அவன்கிட்ட கேளுங்க, "ஏன்டா ரெண்டடி நகரல?"ன்னு.

மணி அடிச்சிட்டாங்க. வணக்கம்.