எழுதாத உறுதி

(கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோவில் நடந்த தமிழ்க் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

சற்று முன் தம்பி ஒருவர் இந்த மேடையில் நில ஒப்புகையை, அதாவது இது எந்த முதற்குடி மக்களின் நிலம் என்று சொல்லும் வாசகத்தை, வாசித்தார். நாற்பது செக்கனில் முடிந்துவிட்டது. அவரில் பிழையில்லை. அகவணக்கத்துக்கும் வரவேற்பு நடனத்துக்கும் இடையில் செருகிய வாசிப்பு, பின்னால் பிள்ளைகள் சலங்கையோடு நிற்கிறார்கள், பாவம் அவர் என்ன செய்வார்? ஆனால் 'ஹோடெனோஷோனி' என்ற பெயரில் அவர் தடக்கியபோது சபையில் சிலர் சிரித்தோம். நானும்தான். வகுப்பில் ரீச்சர் எங்கள் பிள்ளைகளின் பெயரைக் கடித்துக் குதறினால் மட்டும் வீட்டில் எவ்வளவு கோபம் வருகிறது!

ரொறன்ரோ மாநகர சபை 2014 முதல் இந்த ஒப்புகையைச் சொல்லி வருகிறது. 2016 முதல் நகரத்தின் பொதுப் பள்ளிகளில் காலை அறிவிப்போடு இது வருவதால், நம் வீட்டுச் சின்னதுகளுக்கு மனப்பாடம். அதன் முதல் பகுதியில் மக்களின் பெயர்கள் வருகின்றன: கிரெடிட் ஆற்று மிசிசாகா மக்கள், அனிஷினாபே, சிப்பேவா, ஹோடெனோஷோனி, வென்டாட். அடுத்து, இந்த நகரம் 13ஆம் இலக்க உடன்படிக்கைக்கும் வில்லியம்ஸ் உடன்படிக்கைகளுக்கும் உட்பட்டது என்று ஒரு வாக்கியம். நேரம் போதாவிட்டால் நம்மவர்கள் வெட்டுவது இந்த வாக்கியத்தைத்தான். நான் இன்று பேச வந்ததும் அதைப் பற்றித்தான்.

ஊரில் எல்லை வழக்குப் பேசாத குடும்பம் நம்மில் குறைவு. இடம்பெயர்ந்து ஓடும்போது நகையோடு காணி உறுதியையும் மடியில் கட்டிக்கொண்டு போன அம்மாக்கள் இந்தச் சபையிலேயே இருப்பார்கள். அவர்களுக்கு இந்தக் கதை உடனே விளங்கும்.

1787இல் பிரித்தானியர் குவின்ரே விரிகுடாவில் மிசிசாகாத் தலைவர்களைச் சந்தித்து, ரொறன்ரோப் பக்க நிலத்தை வாங்கிவிட்டதாகச் சொன்னார்கள். கொடுத்த சாமான்களில் 2,000 துப்பாக்கிக் கற்கள், 24 பித்தளைக் கேத்தல்கள், 120 முகம்பார்க்கும் கண்ணாடிகள், 24 சரிகைத் தொப்பிகள், 96 கலன் ரம் எல்லாம் இருந்தன. சரி, விற்றார்கள், வாங்கினார்கள் என்றே வைப்போம். பிறகு உறுதியை எடுத்துப் பார்த்தால், அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை! எவ்வளவு நிலம், வடக்கே எது எல்லை, கிழக்கே எது எல்லை, ஒன்றுமில்லை. மூன்று தலைவர்களின் குலக்குறிகள் தனித்தனித் துண்டுத் தாள்களில் வரையப்பட்டு அந்த வெற்றுத்தாளோடு ஒட்டியிருந்தன. ஊரில் ஒரு நொத்தாரிசு இப்படி உறுதி முடித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

இது செல்லாது என்று 1794இல் ஆளுநர் டோர்செஸ்ரர் பிரபுவே துணை ஆளுநர் சிம்கோவுக்கு எழுதினார். அதற்குள் இங்கே யோர்க் நகரம், அதாவது இன்றைய ரொறன்ரோ, எழும்பத் தொடங்கிவிட்டது. மிசிசாகாக்களிடம் யாரும் வாய் திறக்கவில்லை. 1805இல் வந்து, பழைய விற்பனையை உறுதிப்படுத்துவதாகச் சொல்லிப் புதிதாக எழுதினார்கள். அதுதான் 13ஆம் இலக்க உடன்படிக்கை. குறி போட்ட தலைவர்கள் அப்போது உயிரோடில்லை. பழைய உறுதி செல்லாது என்றும் சொல்லவில்லை. 2,50,830 ஏக்கருக்குக் கொடுத்த விலை பத்து ஷில்லிங். இந்தக் கணக்குத் தீர 2010 வரை ஆனது. இதற்கும் இன்னொரு நிலக் கோரிக்கைக்கும் சேர்த்து கனடா அரசு 145 மில்லியன் டொலர் கொடுத்தது.

நாம் நிற்கும் ஸ்காபரோ அந்தப் பத்து ஷில்லிங்குக்குள் வராது. இது வில்லியம்ஸ் உடன்படிக்கைப் பக்கம். 1923இல் ஏழு முதற்குடிகளோடு எழுதிய அந்த உடன்படிக்கையைக் காட்டி, அவர்களின் வேட்டை, மீன்பிடி உரிமைகளையும் பறித்துக்கொண்டார்கள். 2018இல்தான் அரசுகள் மன்னிப்புக் கேட்டு, 1.11 பில்லியன் டொலர் கொடுத்து, அந்த உரிமைகளை ஏற்றன. லோரன்ஸ் வீதியால் போகும்போது ரேபர் ஹில் என்ற மேட்டைப் பார்த்திருப்பீர்கள். 1956இல் அதை வெட்டியபோது நூற்றுக்கணக்கானவர்களின் எலும்புகள் வெளிப்பட்டன. வென்டாட் முன்னோரின் கூட்டுப் புதைகுழி அது. சுற்றிவர நம் வீடுகள்.

"வாசித்தால் காணி திரும்பி வருமா?" என்று ஒரு ஐயா என்னைக் கேட்டார். வராது. பெயர்களை மட்டும் வாசித்துவிட்டுப் போனால் அது வெறும் மரியாதைதான் என்பதும் எனக்குச் சம்மதமே. ஆனால் உடன்படிக்கை என்று வாய்விட்டுச் சொன்னால் 'எந்த உடன்படிக்கை, யார் எழுதினது?' என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அதனால்தான் அதை வெட்டாதீர்கள் என்கிறேன்.

பீற்றர் ஜோன்ஸ் என்று ஒரு மிசிசாகாத் தலைவர். 1838இல் விக்ரோறியா மகாராணியை நேரில் கண்டு ஒரு மனுக் கொடுத்தார். கேட்டது வேறொன்றுமில்லை, கிரெடிட் ஆற்றோரம் தங்களுக்கு மிஞ்சியிருந்த துண்டு நிலத்துக்கு ஓர் உறுதி. அது கிடைக்கவேயில்லை. உறுதி இல்லாத காணியில் எத்தனை நாள் குந்தியிருக்க முடியும்? 1847இல் அவர்கள் ஆற்றை விட்டு எழும்பிப் போனார்கள். அவர்களுக்கு இடம் கொடுத்தது அரசு அல்ல, கிராண்ட் ஆற்றுப் பக்கம் இருந்த ஹோடெனோஷோனி மக்கள். ஆம், நாம் சிரித்த அதே பெயர்.

அந்த மிசிசாகா மக்கள் இன்றும் ஹேகர்ஸ்வில் ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். இங்கிருந்து ஒன்றரை, இரண்டு மணி நேர ஓட்டம். ஆகஸ்ட் கடைசியில் அங்கே பவ்வாவ் என்ற ஆடல் பாடல் கொண்டாட்டம் நடக்கும், யாரும் போகலாம். ஒரு வான் ஒழுங்கு செய்யலாம் என்று பார்க்கிறோம். வர விரும்புகிறவர்கள் வாசலில் கொப்பியோடு நிற்கும் தங்கச்சியிடம் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.