மனமொத்த விவாகரத்து: கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு

அவையோருக்கு வணக்கம்.

‘மியூச்சுவல்தானே, ஆறு மாசத்தில் முடிந்துவிடும்’ என்று சொல்லிக்கொண்டுதான் பலரும் குடும்ப நல நீதிமன்றத்தின் படியேறுகிறார்கள். திருமணம் முடிந்துவிடுகிறது. வீட்டுக் கடன் மட்டும் பத்து வருடம் இருவர் பெயரிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவு கேட்பது இதுதான்: ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், சேர்ந்து மனு போட வேண்டும், 6 மாதம் கழித்து, 18 மாதத்துக்குள், மறுபடி வந்து சம்மதம் சொல்ல வேண்டும். ஒரே கூரையின்கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லையென்றால் அதுவும் பிரிவுதான். அந்த 6 மாதத்தைத் தகுந்த வழக்குகளில் நீக்கலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேட்டவருக்கெல்லாம் கிடைக்காது.

வில்லங்கம் இருப்பது அந்த இடைவெளியில்தான். தீர்ப்பு வரும்வரை யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பது 1991-லேயே உறுதியான விஷயம். முதல் நாளே முழுத் தொகையையும் கொடுத்த கணவரும் மாட்டிக்கொள்வார்; முதல் நாளே ஜீவனாம்ச வழக்கை வாபஸ் வாங்கிய மனைவியும் மாட்டிக்கொள்வார். ஒரு பகுதியை மனு போடும்போது கொடுங்கள். மீதியை இரண்டாம் முறை வரும் நாளில், நீதிபதி முன்னிலையில், டிமாண்ட் டிராஃப்டாகக் கொடுங்கள். டிராஃப்ட் எண்ணும் தேதியும் வங்கியும் பதிவாகட்டும். ‘பேசியபடி தரப்பட்டது’ என்ற வரியை வைத்து நாளைக்கு எதையும் நிரூபிக்க முடியாது.

மொத்தமாக வாங்கும் தொகைக்குப் பொதுவாக வருமான வரி வருவதில்லை. மாதாமாதம் வாங்கினால் அது வருமானம். கொடுப்பவருக்கு இரண்டிலும் வரிக்கழிவு கிடையாது.

நகைக்கு வருவோம். சீதனம் மனைவியின் தனிச்சொத்து, கணவர் வீட்டாருக்கு அதில் பங்கில்லை என்பது 1985 தீர்ப்பு. ஆனாலும் லாக்கரைத் திறப்பதற்கு முன்பே ‘நகைகள் அனைத்தையும் பெற்றுக்கொண்டேன்’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்! உருப்படி, கிராம், வாங்கிய தேதி எழுதிய பட்டியல் இல்லாமல் பேனாவை எடுக்காதீர்கள்.

வீடுதான் பெரிய தலைவலி. ‘இனி தவணையை அவரே கட்டுவார்’ என்று ஒப்பந்தத்தில் எழுதினால் வங்கியை அது கட்டுப்படுத்தாது. தவணை தவறினால், கடன் வாங்கும் தகுதியைக் காட்டும் சிபில் மதிப்பெண் இருவருக்கும் விழும். முதலில் வங்கியின் சம்மதம், அல்லது ஒருவர் பெயரில் புதுக் கடன். அதன்பிறகு ஒருவர் தன் பங்கை மற்றவருக்கு எழுதிக் கொடுக்கும் செட்டில்மெண்ட் பத்திரம். குடும்பத்தாருக்குள் எழுதும் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வைச் சலுகை உண்டு. தீர்ப்பு வந்துவிட்டால் நீங்கள் கணவன் மனைவி இல்லை; அந்தச் சலுகையை நம்ப முடியாது. அதற்காக ஆறு மாதம் முன்னதாகவே எழுதிக் கொடுத்துவிட்டு, மற்றவர் சம்மதத்தைத் திரும்பப் பெற்றதும் ஏமாந்து நிற்கவும் கூடாது. இரண்டாம் வருகைக்கு ஓரிரு நாள் முன்பு பத்திரப் பதிவை வைத்துக்கொள்வது நல்லது.

பிள்ளையின் பராமரிப்புத் தொகையைத் தாய் விட்டுக்கொடுத்து எழுதினாலும் பிள்ளையின் உரிமை போகாது. ஆயுள் காப்பீட்டு நாமினி தானாக மாறாது. தீர்ப்பு நகல் கைக்கு வந்த வாரமே மாற்றிவிடுங்கள்.